அலைச்சறுக்கு இடங்களும் இந்தியக் கடற்கரைச் சட்டமும்

அலைச்சறுக்குக்கு ஏற்ற அலை எல்லாக் கடற்கரையிலும் எழுவதில்லை. கடலடியிலுள்ள பாறையும் மணல் திட்டும் கரையின் வளைவும்தான் அலை எங்கே, எப்படி உடையும் என்பதைத் தீர்மானிக்கின்றன. மணல் இடம் மாறினால் அலையும் இல்லாமல் போகலாம். இதனாலேயே பெரு நாடு 2000ஆம் ஆண்டில் அலை உடையும் இடங்களைக் காக்கத் தனிச் சட்டம் இயற்றியது. நியூசிலாந்தின் 2010ஆம் ஆண்டுக் கடற்கரைக் கொள்கை 17 அலைச்சறுக்கு இடங்களைப் பெயர் சொல்லிக் காக்கிறது. இந்தியாவில் அத்தகைய பட்டியல் இல்லை.

மணல் எவ்வளவு எளிதில் இடம் மாறும் என்பதற்குச் சென்னையே சான்று. இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1870களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்கான அலைத்தடுப்புச் சுவர்கள் எழத் தொடங்கின. அதன்பின் தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் தொடங்கி கரை அரிக்கப்பட்டது. நகரம் மெரினாவைக் கொண்டாடியது. விலை கொடுத்தவர்கள் வடக்கே இருந்த மீனவர்கள்.

சட்டம் வெகுகாலம் கழித்தே வந்தது. உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரையைக் கட்டடங்களின்றி விடுமாறு 1981இல் பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநில முதலமைச்சர்களுக்குக் கடிதம் எழுதினார். சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம், 1986இன்கீழ் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991 பிப்ரவரி 19 அன்று வெளியானது. ஓதம் ஏறும் ஆறுகள், கழிமுகங்களின் கரையில் அது விதித்த 100 மீட்டர் எல்லையை 1994 திருத்தம் 50 மீட்டராகக் குறைத்தது. 1996இல் உச்ச நீதிமன்றம் அத்திருத்தத்தை நீக்கியது. 2019ஆம் ஆண்டு அறிவிக்கையோ மீண்டும் 50 மீட்டருக்கே வந்து நின்றது!

இடையில் 2011ஆம் ஆண்டு அறிவிக்கை 12 கடல் மைல் வரையிலான நீர்ப்பரப்பையும் மண்டலத்துக்குள் சேர்த்தது. அலை உடையும் இடம் அதன்மூலம் சட்டத்தின் எல்லைக்குள் வந்தது. ஆனால் பவளப்பாறை, சதுப்புநிலக் காடு, மணற்குன்று, ஆமை முட்டையிடும் இடம் ஆகியவற்றுக்குக் கிடைத்த தனிப் பாதுகாப்பு அலைக்குக் கிடைக்கவில்லை. மீனவ இளைஞர்களால் அலைச்சறுக்குக்குப் பெயர்பெற்ற கோவளத்துக்கு 2021இல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. அது நீரின் தரம், தூய்மை, குளிப்போரின் பாதுகாப்பு முதலியவற்றைப் பார்ப்பது. சட்டப் பாதுகாப்பு அன்று.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதியினருக்கு இது தொலைதூரச் செய்தியாகத் தோன்றலாம். ஆனால் கூவம் திருவேற்காடு வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் அடையாற்றில் சேர்கிறது. ஆற்றில் கலக்கும் கழிவும் குப்பையும் முகத்துவாரம் வரை செல்லும். கடற்கரைக்கு மணல் தருவதிலும் ஆறுகளுக்குப் பங்குண்டு. அணைகள் நீரோடு மணலையும் நிறுத்திவிடுகின்றன. கடற்கரை அறிவிக்கையோ கோடையில் உப்பு ஆயிரத்தில் 5 பங்காக இருக்கும் இடம் வரைதான் ஆற்றில் மேலேறும். அதற்கு மேலுள்ள ஏரிகளுக்கு 2007ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் போன்றவையே துணை. ஒரே நீர்வழி இரு வேறு சட்டங்களின்கீழ் வருவது இப்படித்தான்.

2019 அறிவிக்கையின்படி தமிழ்நாட்டுக்குத் தயாரான வரைவு வரைபடங்களில் மீன்பிடி இடங்களும் மீனவக் குடியிருப்பு விவரங்களும் விடுபட்டுள்ளதாக 2023இல் மீனவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். காலையில் வலை இழுக்கும் துறையிலேயே பலகையோடு இறங்கும் இளைஞர்களுக்கும் அந்த வரைபடம்தான்.