சேரியில் பிறந்த குழந்தைப் பள்ளி

கல்வி வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் கல்லூரிகளையும் பல்கலைக்கழகங்களையும் பற்றியே விரித்துரைப்பர். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் பயிலும் இடத்திற்கு ஓரிரு வரிகளே ஒதுக்கப்படும். ஆயினும் ஒரு சமுதாயத்தின் கல்வி, அதன் மழலையர் அமரும் இடத்திலேயே உருப்பெறத் தொடங்குகிறது. அவ்விடத்தின் வரலாற்றை ஆராயுங்கால், நம் மக்கள் யாவரும் அறிந்திருக்க வேண்டிய உண்மை ஒன்று புலனாகிறது. குழந்தைக்கு ஏற்ற கற்றல் சூழல் எது என்பதை உலகிற்குக் காட்டிய முயற்சிகளுட் பல, உழைக்கும் ஏழையரின் குடியிருப்புகளில் எழுந்தவையே ஆகும்.

உரோம் நகரின் சான் லொரென்சோ, அந்நாளில் கூலித் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த பகுதி. அங்கே பழைய கட்டடங்களைச் செப்பனிட்டுக் குடிகளை அமர்த்திய நிறுவனத்தார்க்கு ஒரு கவலை இருந்தது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் பிள்ளைகள் சுவர்களைப் பாழாக்கினர். அவர்களை ஓர் அறையில் வைத்துக் காக்கும் பொருட்டே மருத்துவர் மரியா மாண்டிசோரி அம்மையாரை நாடினர். 1907ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 6ஆம் நாள், ஏறத்தாழ ஐம்பது பிள்ளைகளுடன் 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது. காவலுக்கென்று தொடங்கிய இடம் கல்விக்கு வழிகாட்டியாயிற்று. கற்பிக்கும் பொருள்களை ஆசிரியை அலமாரியில் பூட்டி வைப்பது வழக்கம். ஒருநாள் பூட்ட மறந்தார். வந்து பார்க்கையில், பிள்ளைகள் தமக்கு வேண்டியவற்றைத் தாமே எடுத்துக் கருத்துடன் செயலில் ஈடுபட்டிருந்தனர். அம்மையார் இதனைக் குறும்பு எனக் கொள்ளவில்லை. குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில், திறந்த அலமாரிகளை அமைக்கச் செய்தார். நாற்காலியும் மேசையும் குழந்தையின் உடலளவிற்குச் செய்யப்பட்டன.

இலண்டனின் டெப்ட்போர்டு பகுதியிலும் இத்தகைய முயற்சியே நிகழ்ந்தது. அங்கு வாழ்ந்த ஏழைத் தொழிலாளர் குழந்தைகளுக்காக ரேச்சல், மார்கரெட் மக்மில்லன் என்னும் உடன்பிறந்தார் இருவர் 1914இல் திறந்தவெளி மழலையர் பள்ளியை நிறுவினர். குளியல், நல்லுணவு, காற்றோட்டமான இடத்தில் உறக்கம், விளையாடத் தோட்டம் ஆகியவை அங்குப் பாடத்தின் பகுதிகளாகவே கொள்ளப்பட்டன. நோயுற்ற உடலில் கல்வி தங்காது என்பதை அவர்கள் கண்கூடாகக் கண்டவர்கள்.

நம் சென்னைக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. பண்டிதர் அயோத்திதாசர் முதலிய நம் முன்னோர் கல்வி வேட்கையை எழுப்பிவந்த காலத்தில், 1894இல், கர்னல் ஆல்காட் அடையாற்றை ஒட்டி நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அந்நாள் வழக்கின்படி அது 'பஞ்சமர் பள்ளி' எனப்பட்டது. பின்னர்க் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் ஆகிய இடங்களிலும் இத்தகைய பள்ளிகள் எழுந்தன. செருமானிய அறிஞர் பிரோபெல் 1840இல் பெயரிட்ட 'கிண்டர்கார்டன்' முறையை, அமெரிக்க நாட்டினரான பாமர் அம்மையாரும் கோர்ட்ரைட் அம்மையாரும் இப்பள்ளிகளில் புகுத்தினர். தடியும் மனப்பாடமும் ஆட்சி செய்த அந்நாளில், விளையாட்டாலும் கைத்தொழிலாலும் கற்பிக்கும் புதுமுறையைக் கண்ட தொடக்கப் பிள்ளைகளுள் நம் சேரிக் குழந்தைகளும் இருந்தனர் என்பது நினைவில் நிறுத்தத் தக்கது.

1939ஆம் ஆண்டு இறுதியில் மாண்டிசோரி அம்மையாரே அடையாற்றிற்கு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தார். ஆயினும் காலப்போக்கில் நிகழ்ந்தது யாது? அவர்தம் பெயர் நகரங்களின் கட்டணப் பள்ளிகளில் பெயர்ப்பலகையாயிற்று. ஏழைக் குழந்தையிடம் கற்ற பாடம், விலை கொடுப்போர்க்கு மட்டுமே கிட்டும் பொருளாயிற்று.

இப்போக்கை மாற்ற முயன்றவர் தாராபாய் மோடக் அம்மையார். அவர் 1945இல் மேற்குக் கடற்கரையிலுள்ள போர்டி என்னும் சிற்றூரில் அனுதாய் வாக் அம்மையாரின் துணையுடன் கிராமக் குழந்தைகளுக்கான பணியைத் தொடங்கினார். பள்ளிக்கு வர இயலாத குழந்தைகளின் வீட்டு முற்றத்திற்கே பள்ளி செல்ல வேண்டும் என்பது அவர் கொள்கை. 'அங்கன்' என்பது முற்றம். அங்கன்வாடி என்ற பெயரின் பொருள் அதுவே. 1957இல் பணி கோஸ்பாடு மலைப்பகுதிக்கு மாறி, வார்லி பழங்குடியினரிடையே நடைபெற்றது. அங்கே விலைமிக்க கருவிகளுக்கு மாற்றாக விதைகளும் கிளிஞ்சல்களும் கூழாங்கற்களும் இலைகளும் களிமண்ணும் பயன்பட்டன. குழந்தைக் காப்பகம், பால்வாடி, தொடக்கப்பள்ளி ஆகிய மூன்றும் ஒரே வளாகத்தில் அமைந்தமையால், தம்பி தங்கையரைச் சுமந்து வீட்டிலிருந்த சிறுமியும் படிக்க இயன்றது.

அரசும் இப்பெயரையே ஏற்றது. 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 33 இடங்களில் தொடங்கப்பட்டது. 1982 சூலை முதல் நாள் தமிழ்நாட்டில் தொடங்கிய சத்துணவுத் திட்டம், குழந்தைகளின் பசி போக்கிய பெருஞ்செயல். 2004 அக்டோபர் 7ஆம் நாள் உச்ச நீதிமன்றம், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் வாழும் குடியிருப்புகள் அனைத்திலும் அங்கன்வாடி மையங்கள் விரைவில் அமைய வேண்டுமென ஆணையிட்டது. 2006 டிசம்பர் ஆணை அக்குடியிருப்புகளுக்கு முன்னுரிமையும் தந்தது. இவ்வாணைகள் பிறக்க வேண்டியிருந்தமையே, மையம் எங்கே அமைகிறது என்பது எத்துணை இன்றியமையாதது என்பதைக் காட்டும். மையம் ஊர்த்தெருவில் இருப்பின், மூன்று வயதுக் குழந்தை தெருக்களைக் கடந்து செல்ல வேண்டும். சமைப்பவர் நம்மவர் என்பதற்காகத் தம் பிள்ளையை அனுப்ப மறுத்த பெற்றோரைப் பற்றிய செய்திகளும் வந்ததுண்டு.

முதல் வகுப்பில் சேர வரும் பிள்ளைகளைப் பல்லாண்டுகளாகக் கண்டுவரும் நமக்கு ஒன்று தெளிவு. அரிச்சுவடி அறியாது வரும் பிள்ளை சில திங்களில் அதனைக் கற்றுக்கொள்ளும். கேள்வி கேட்க அஞ்சி, சுவரோரம் ஒதுங்கியே அமரப் பழகி வரும் பிள்ளையை மீட்பதற்கோ ஆண்டுகள் ஆகின்றன. அந்த ஒதுக்கத்தை அது எங்கே கற்றது? இந்நாட்டில் மழலையர் மையத்தின் தரத்தை அளக்கும் முதற்கோல் இவ்வினாவே என்பது நம் கருத்து. குழந்தையைப் பெயர் சொல்லி அழைக்கின்றனரா? அதன் வீட்டுப் பேச்சை எள்ளாமல் ஏற்கின்றனரா? அனைவரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்கின்றனரா? தண்ணீரும் கழிப்பிடமும் அதன் உயரத்திற்கும் எட்டுகின்றனவா? வண்ணச் சித்திரங்கள் இவற்றின் பின்னரே வேண்டப்படுவன.

2002ஆம் ஆண்டின் 86ஆவது அரசியலமைப்புத் திருத்தம் ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. ஆறு வயதுக்குட்பட்டோர்க்கு அரசு முயற்சி செய்யும் என்ற அளவிலேயே நின்றது. சட்டம் விட்ட இடைவெளியைக் கேட்டுப் பெறும் மக்களே நிரப்ப இயலும். வெள்ளி விழாக் காணும் நம் சங்கம் இதுகாறும் உதவித்தொகைக்கும் விடுதிக்கும் ஆற்றிய தொண்டு பெரிது. இனி, நம் குடியிருப்புதோறும் உள்ள மையத்தைத் திங்கள்தோறும் சென்று காணத் தாய்மார் குழு ஒன்றை அமைத்தல் வேண்டும். பணியாளரைக் குறை கூறுவதற்காக அக்குழு செல்ல வேண்டுவதில்லை. குறைந்த ஊதியத்தில் மிகுந்த பணி ஆற்றும் அவர்க்குத் துணைநிற்கவே செல்லுதல் வேண்டும். தண்ணீரையும் நிழலையும் விளையாட்டுப் பொருள்களையும் கணக்கெடுக்கட்டும். இல்லாதவற்றை எழுத்து மூலம் கேட்கட்டும். பார்வையாளர் வரும் நாளில் காட்டுவதற்கென விளையாட்டுப் பொருள்களைப் பூட்டி வைத்திருக்கும் அலமாரியை எங்கேனும் கண்டால், அதன் திறவுகோலை அன்றே கேட்டு வாங்கிப் பிள்ளைகள் முன் திறந்து வைக்கட்டும்.