கொல்லிமலைப் பிள்ளைகளின் ஓய்வுப் பொழுது

பள்ளி விட்டபின் பிள்ளை என்ன செய்கிறது என்ற கேள்வி, பள்ளிக்கூடம் என்று ஒன்று வந்த பிறகே எழ முடியும். கொல்லிமலையில் அந்தக் கேள்விக்கு ஏறத்தாழ நூறு வயது. அதற்கு முன் அங்கே குழந்தையின் நாளைப் படிப்பு, வேலை, விளையாட்டு என்று யாரும் கூறு போடவில்லை. வல்வில் ஓரி என்ற குறுநில மன்னனின் மலை என்று சங்கப் புலவர்கள் போற்றிய குறிஞ்சி நிலம் இது. தினை முற்றும் காலத்தில் புனங்காவல் இளம்பெண்களின் பொறுப்பு என்பதைக் குறிஞ்சிப் பாடல்கள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. பரண்மேல் இருந்து தட்டை, குளிர் என்னும் கருவிகளை ஒலித்துக் கிளி ஓட்டுவார்கள். கவணில் கல் வைத்து எறிவார்கள். குடும்பத்தின் உணவைக் காக்கும் வேலை அது. தோழியரோடு பாடி, அருவியாடி, பூப்பறித்துக் களிக்கும் விளையாட்டும் அதற்குள்ளேயே இருந்தது. எந்தப் பறவை எந்நேரம் இறங்கும், கதிர் எப்போது பால் பிடிக்கும் என்ற அறிவெல்லாம் அந்தக் காவலிலேயே படிந்தது. பிள்ளைகளின் பொழுதுபோக்கு அன்றாட வாழ்க்கைக்கு உதவுமா என்று இன்று கேட்கும் பெற்றோருக்கு இந்த மலையின் வரலாறு தெளிவான விடை வைத்திருக்கிறது. உதவும், ஆனால் மூன்று நிபந்தனைகள் உண்டு. பிள்ளை அதை விரும்பிச் செய்ய வேண்டும். அதன் பொருளை எடுத்துச் சொல்ல விவரம் தெரிந்த பெரியவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். அந்தக் கைப்பழக்கத்தோடு வேறு இடத்துக்கும் வேறு தொழிலுக்கும் போகப் பிள்ளைக்கு வழி திறந்திருக்க வேண்டும்.

நாமக்கல் மாவட்டத்தில் 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயரமுள்ள இந்த மலையின் மக்களில் பெரும்பான்மையோர் மலையாளிப் பழங்குடியினர். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவர் கொல்லிமலை, சேர்வராயன் மலை, பச்சைமலை ஆகிய மூன்றிலும் ஆளுக்கொன்றாகக் குடியேறினர் என்பது அவர்களிடையே வழங்கும் மரபுக்கதை. சரிவுகளில் சாமை, தினை, கேழ்வரகு. ஓடையோரப் பள்ளங்களில் படிப்படியாக அமைத்த நெல்வயல். இந்த வேளாண்மையில் பிள்ளைகளுக்கும் பங்கு இருந்தது. ஆடு மாடு மேய்ப்பதும், காட்டில் கீரையும் கிழங்கும் தேடுவதும், ஓடையில் நண்டு பிடிப்பதும் அவர்களது நாளின் பகுதி. இவற்றை ஏட்டுக் கல்வி இல்லாத குறையை நிரப்பிய மாற்று ஏற்பாடாக மட்டும் பார்த்தால் உண்மை பாதிதான் தெரியும். நீர் எங்கே ஊறுகிறது, மண் எங்கே சரிகிறது, எந்தக் கிழங்கைத் தோண்டலாம், எதை அடுத்த ஆண்டுக்கு விட்டுவைக்க வேண்டும் என்பவை ஒன்றோடொன்று கோத்த அறிவு. காரணத்தையும் விளைவையும் ஒரே இடத்தில், கண்முன்னே காட்டும் அறிவு அது. புத்தகம் இதைச் சொல்லித் தரலாம். பழக்கித் தர அதனால் ஆகாது.

இதற்கு எழுத்தில் பதிவான சான்று, எதிர்பாராத ஒரு குடும்பத்திடமிருந்து கிடைக்கிறது. 1913-இல் ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற ஆங்கிலேய மிஷனரித் தம்பதியர் கொல்லிமலையில் குடியேறினர். மலைக்காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளி மக்கள் ஏறத் தயங்கிய காலம் அது. ஜெஸ்ஸி கட்டட வேலை கற்றவர். ஓரளவு மருத்துவப் பயிற்சியும் பெற்றவர். வீடு கட்டினார், புண்ணுக்கு மருந்திட்டார், நரம்புச் சிலந்தியை உருவி எடுத்தார், சிறு பள்ளிகளைத் தொடங்கினார், தச்சு வேலை கற்பித்தார். 1914-இல் பிறந்த அவர்களது மகன் பால், ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்து அனுப்பப்படும் வரை இந்த மலையிலேயே வளர்ந்தான். அவனுக்குத் தாய்தான் ஆசிரியை. மரத்தின் மேல் உட்கார்ந்து பாடம் படிக்கவும் அந்தத் தாய் இடம் கொடுத்தார். மற்ற நேரமெல்லாம் மலைப் பிள்ளைகளோடு ஓட்டமும் ஆட்டமும்தான். தந்தையோ கறையான் புற்றையும் பூச்சிகளையும் காட்டி, அவை எப்படி வாழ்கின்றன என்று விளக்குவார். பிள்ளையின் ஆர்வத்துக்குத் தடை போடாமல், அதற்குத் துணையாக ஒரு விளக்கத்தையும் சேர்த்துக் கொடுத்த வளர்ப்பு இது.

பிற்காலத்தில் பால் பிராண்ட் எழுதிய கட்டுரை ஒன்று, ஒரு பிடிச் சேற்றைப் பற்றியது. சிறுவர்கள் படிவயலில் இறங்கித் தவளை பிடித்து விளையாடுகிறார்கள். யார் அதிகம் பிடிப்பது என்று போட்டி. மிதிபட்ட வயலின் சேறு கலங்கி, மடை வழியே கீழ் வயலுக்கு ஓடுகிறது. அங்கே வந்த பெரியவர் ஒருவர், பிள்ளைகள் தாத்தா என்று மரியாதையோடு அழைத்தவர், குனிந்து ஒரு கைப்பிடிச் சேற்றை அள்ளி, இது என்ன என்று கேட்கிறார். இந்த மண்தான் தன் குடும்பத்துக்குச் சோறு போட்டது, முன்னோருக்கும் போட்டது, இனி வரும் பேரப்பிள்ளைகளுக்கும் போட வேண்டியது, கீழே போன மண் திரும்ப மேலே ஏறாது என்று விளக்குகிறார். தவளை பிடிப்பது ஒரு பொழுதுபோக்கு. அந்த விளையாட்டைத் தடுத்து விரட்டிவிட்டிருந்தால் பிள்ளைகள் வேறு வயலுக்குப் போயிருப்பார்கள். எதுவும் சொல்லாமல் விட்டிருந்தால் மண் போயிருக்கும். தாத்தா விளையாட்டின் நடுவே நின்று, அவர்களது கால் செய்ததை அவர்களது கண்ணுக்குக் காட்டினார். மண்வளம் என்ற பாடம், பல ஆண்டுகள் கழித்தும் அந்தச் சிறுவனின் நினைவில் நிலைத்ததற்கு அதுவே காரணம். பிள்ளையின் பொழுதுபோக்கில் பெரியவரின் பங்கு என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

1929-இல் ஜெஸ்ஸி காய்ச்சலால் கொல்லிமலையிலேயே இறந்தார். தந்தையைப் போலக் கட்டடம் கட்டத் தெரிந்த மிஷனரியாக வேண்டும் என்று எண்ணிய பால், லண்டனில் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் தச்சும் கொத்தும் கற்றார். சீழையும் இரத்தத்தையும் கண்டு சிறு வயதிலேயே மருத்துவத்தை வெறுத்தவர், பின்னர் மனம் மாறி மருத்துவம் படித்து அறுவை மருத்துவரானார். 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அடுத்த ஆண்டு செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில், விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கையைப் பற்றியபோது அந்தப் பிடியின் வலிமை அவரை வியப்பில் ஆழ்த்தியது. விரலை நிமிர்த்தும் சிறு தசைகள் செயலிழந்திருக்க, முன்கையின் வலிய தசைகள் உயிரோடு இருந்தன. அந்த நல்ல தசையின் நாணை எடுத்து, செயலிழந்த தசையின் வேலையைச் செய்யும்படி வேறு வழியாகக் கொண்டுபோய்த் தைப்பது என்ற சிகிச்சையைத் தொழுநோயாளிகளின் கைகளுக்குக் கொண்டுவந்து வளர்த்தெடுத்தார். எந்த இழுவை எந்தத் திசையில் செயல்படும், எவ்வளவு இறுக்கம் போதும் என்பது மருத்துவ அறிவு மட்டுமன்று. கருவி பிடித்த கையின் அறிவும் ஆகும். தச்சுப் பட்டறையில் கழிந்த ஆண்டுகள் வீண்போகவில்லை என்று அவரே பின்னாளில் உணர்ந்து சொல்லியிருக்கிறார்.

கதை அத்தோடு முடியவில்லை. கை சீரானவர்களுக்கு வேலை கொடுப்பார் இல்லை. கை நேரானதால் பிச்சையும் கிடைக்கவில்லை என்று அவர்கள் திரும்பி வந்தனர். அவர்களுக்காக வேலூரில் நவஜீவ நிலையம் என்ற சிறு குடியிருப்பு எழுந்தது. அங்கே தச்சு வேலையும் மரப் பொம்மை செய்வதும் கற்றுக்கொடுத்தார்கள். அந்தப் பட்டறையில்தான் ஒரு பெரிய உண்மை தெளிவானது. நோய் நேரடியாக விரல்களைத் தின்பதில்லை; வலி தெரியாததால் ஏற்படும் காயங்கள்தாம் அவற்றைச் சிதைக்கின்றன. உளியின் பிடி எங்கே அழுத்துகிறது, சுத்தியல் எங்கே உராய்கிறது என்று ஒவ்வொரு புண்ணின் மூலத்தையும் தேடிப் பிடித்தார்கள். தொழுநோயாளியின் தசையே அழுகக்கூடியது என்ற பழைய நம்பிக்கை இதனால் தகர்ந்தது. 1960-இல் பால் பிராண்டுக்கு லாஸ்கர் விருது கிடைத்தது. பட்டறையில் மனிதர்களின் கைகளை இவ்வளவு பொறுமையோடு கூர்ந்து பார்த்த கண், கொல்லிமலையில் கறையான் புற்றைக் கூர்ந்து பார்த்துப் பழகிய கண்தான்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். பால் பிராண்டை உயர்த்தியது லண்டன் கல்வியும் ஆளும் இனத்தில் பிறந்த வசதியும்தானே. தவளை பிடித்ததா அவரை மருத்துவராக்கியது? அவரோடு அதே சேற்றில் இறங்கிய மலையாளிச் சிறுவர்கள் எத்தனை பேர் மருத்துவரானார்கள்? இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. தள்ளவும் கூடாது. அந்தச் சிறுவர்களின் கையும் கண்ணும் எந்த விதத்திலும் குறைந்தவை அல்ல. மலையறிவில் அவர்களே சிறுவன் பாலுக்கு வழிகாட்டிகள். அவனுக்கு இருந்த வழி அவர்களுக்கு அடைபட்டிருந்தது. அதே நேரம், வழி திறந்திருந்த ஆயிரக்கணக்கான ஆங்கிலேய மாணவர்களுக்கு அந்தக் கண் வாய்க்கவில்லை என்பதும் உண்மை. வசதி பள்ளியின் கதவைத் திறக்கும். உள்ளே போன பிறகு உற்றுப் பார்க்கவும், காரணம் தேடவும், கையால் செய்து சரிபார்க்கவும் இளமையில் விளைந்த பழக்கம் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பயன். ஒன்று இருந்து மற்றது இல்லாமல் போன பிள்ளைகளின் இழப்பு சமூகத்தின் இழப்பு.

இன்னொரு மறுப்பு, கைத்தொழில் கல்வி பிள்ளையைக் குலத்தொழிலில் கட்டிப்போடும் என்பது. அது தமிழ்நாட்டுக்கே உரியது; அதன் காயம் இன்னும் ஆறவில்லை. 1937-இல் காந்தி வார்தாவில் கைத்தொழில் வழிக் கல்வியை முன்வைத்தார். 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்த மரியா மாண்டிசோரி, கையின் வழியே அறிவு வளர்கிறது என்று ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். ஆனால் 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம், கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று பெரியாரும் திராவிட இயக்கமும் காங்கிரசிலேயே பலரும் எதிர்த்தனர். 1954-இல் ராஜாஜி முதலமைச்சர் பதவியிலிருந்து விலகினார். காமராசர் ஆட்சி திட்டத்தைக் கைவிட்டது. எதிர்த்தவர்கள் கைத்தொழிலை இகழவில்லை. சவரக் கத்தியும் சலவைக் கல்லும் பிறப்பால் ஒரு பிள்ளைக்கு விதிக்கப்படுவதை எதிர்த்தார்கள். முதல் நிபந்தனையும் மூன்றாவது நிபந்தனையும் அங்கே அடியோடு இல்லை: விருப்பமும் இல்லை, வெளியேறும் வழியும் இல்லை. ஆகவே கைவேலை நல்லது என்று வாதிடும் எவரும் இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016-இல் வந்த திருத்தம், பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறையிலும் ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்கிறது. அந்த உதவி எங்கே முடிகிறது, உழைப்பு எங்கே தொடங்குகிறது என்பதைக் கவனிக்க ஆளில்லாத இடங்களில், ஏழை வீட்டுப் பிள்ளையின் ஓய்வுப் பொழுது முழுவதும் கூலியில்லா வேலையாகிவிடும். புனம் காப்பது ஓராண்டில் சில வாரங்கள். ஆண்டு முழுவதும் சுமை தூக்குவது பொழுதுபோக்கு ஆகாது.

மூன்றாவது மறுப்பு இன்றைய பெற்றோருடையது: போட்டித் தேர்வுக் காலத்தில் இதற்கெல்லாம் நேரம் எங்கே? மாலை முழுவதும் டியூஷனுக்குப் போனால் மதிப்பெண் கூடும் என்பது அவர்கள் கணக்கு. அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் தேர்வு முடிந்த மறுநாள் தொடங்கும் வாழ்க்கையில் கேள்வித்தாள் கிடையாது. கெட்டுப்போனதைப் பழுதுபார்க்க, தெரியாதவரோடு சேர்ந்து வேலை செய்ய, ஒரு முறை தோற்ற பின் மறுபடி முயல, கிடைத்த பொருளைக் கொண்டு காரியம் முடிக்கத் தெரிய வேண்டும். இவற்றைப் பிள்ளை கற்பது சிலம்பத்திலும் கோலத்திலும் தோட்டத்திலும் மரவேலையிலும்தான். தமிழக அரசே இதை உணர்ந்திருக்கிறது. 2022-இல் தொடங்கிய வானவில் மன்றம் அறிவியலைச் செய்து பார்க்க வைக்கிறது. அதே ஆண்டில் தொடங்கிய கலைத் திருவிழா அரசுப் பள்ளி மாணவரின் கலைக்கு மேடை தருகிறது. மாலையில் ஒரு மணி நேரத்தை இவற்றுக்கு ஒதுக்குவதால் படிப்பு கெடாது.

கொல்லிமலைக்கு இது இன்னும் அவசரமானது. 1970-களுக்குப் பின் சேலம், ராசிபுரம் பகுதி ஜவ்வரிசி ஆலைகளுக்காகக் குச்சிக்கிழங்கு மலையேறியது. சாமையும் தினையும் சுருங்கின. கிழங்கைத் தோண்டி எடுக்கும் சரிவுகளில் மழை மண்ணை வாரிக்கொண்டு போகிறது. தாத்தா எச்சரித்த சேறு இன்று மலை முழுவதும் இறங்குகிறது. சிறுதானியங்களைக் காக்க எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து மலை மக்களோடு உழைத்து வந்திருக்கிறது. இன்னொரு புறம், பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் பிள்ளைகளுக்குச் சோறும் எழுத்தும் வழியும் தந்தன. அது பெரும் நன்மை. ஆனால் விடுதியில் வளரும் பிள்ளையின் மாலைப் பொழுதில் மலையின் முதியவர்களுக்கு இடமில்லை. முன்பு வழி இல்லை, தாத்தா இருந்தார். இப்போது வழி இருக்கிறது, தாத்தா இல்லை.

இந்தக் குறையைத் தீர்க்கப் பெருஞ்செலவு தேவையில்லை. உறைவிடப் பள்ளி ஒவ்வொன்றிலும் சாமையும் தினையும் விளையும் ஒரு சிறு வயலும், ஒரு மரவேலைப் பட்டறையும் வேண்டும். வாரத்தில் இரண்டு மாலைகள் ஊர்ப் பெரியவர்களை மதிப்பூதியம் கொடுத்து ஆசிரியர்களாக அழைக்க வேண்டும். வரும் பிள்ளை விரும்பி வர வேண்டும்; விரும்பாத பிள்ளைக்குப் பந்தும் புத்தகமும் இருக்க வேண்டும். மதிப்பெண் போடக் கூடாது. அங்கே படித்துவிட்டு ஒரு பெண் சாமை பயிரிடவும் கூடும், வேலூரில் அறுவை மருத்துவராகவும் கூடும். எதுவானாலும் அது அவள் தேர்ந்தெடுத்ததாக இருக்கும். பள்ளிக் கல்வித் துறையும் பழங்குடியினர் நலத் துறையும் இதைக் கொல்லிமலையிலிருந்தே தொடங்கட்டும்.