ஆங்கிலத்தில் தகவல் எழுதப் பழகிய கதை

யாழ்ப்பாணத்துப் பெண்களின் ஆங்கிலக் கல்வியைப் பற்றி எழுதுவோர், 1824இல் உடுவிலில் அமெரிக்க மிஷன் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலையிலிருந்து ஆரம்பிப்பது வழக்கம். 1841இல் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளிவரத் தொடங்கிய 'உதயதாரகை'யும் அந்தக் கதையில் இடம்பெறும். எமது பாடசாலையின் ஆங்கிலம் என்றாலோ நாடகமும் பேச்சுப்போட்டியும்தான் பழைய மாணவிகளின் நினைவுக்கு வரும். நாம் இங்கே எழுதுவது, மேடையேறாத இன்னொன்றைப் பற்றி.

1945இல் இலவசக் கல்வி வந்தது. அக்காலத்திலேயே தொடக்க வகுப்புகள் தாய்மொழிக்கு மாறின. 1950களில் மேல்வகுப்புகளும் மாறத் தொடங்கின. வசதியற்ற வீட்டுப் பிள்ளைக்கும் விஞ்ஞானம் எட்டியது அதனால்தான். மருத்துவபீடங்களோ ஆங்கிலத்திலேயே நின்றுவிட்டன. உயர்தரம் வரை உயிரியலைத் தமிழில் படித்த நாம், பல்கலைக்கழக வாசலில் மொழி மாறவேண்டியிருந்தது. (மானிப்பாயில் வைத்தியர் கிறீன் 1860களிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்தவர்! அந்த வழி தொடர்ந்திருந்தால் என்ற ஏக்கம் எமக்கு இன்றும் உண்டு.)

1995 இடப்பெயர்வு முடிந்து திரும்பி வந்தபோது வகுப்பில் ஆங்கிலப் புத்தகங்கள் சொற்பம். எங்கள் ரீச்சர் ஒருநாள் ஒரு குட்டான் பனங்கட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அது எப்படிச் செய்யப்படுகிறது என்று முதலில் தமிழிலேயே பேசவிட்டார். எங்களில் சிலருக்கு வீட்டுத் தொழிலே அதுதான். ஆங்கிலப் பாடத்தில் அவர்கள் வாய் திறந்தது அன்றுதான். பிறகு வேண்டிய சொற்களைக் கரும்பலகையில் எழுதினார். முதற் பந்தியை வகுப்பே சேர்ந்து எழுதியது. மிகுதியைத் தனித்தனியே எழுதினோம்.

'வெரி யூஸ்புல்' என்று எழுதிய இடமெல்லாம் சிவப்புக் கோடு விழுந்தது. "எதுக்கு? ஆருக்கு? அதை எழுதுங்கோ" என்பார். தமிழில் 'காய்ச்சுவார்கள்' என்று சொல்வதை ஆங்கிலத்தில் 'இஸ் பொயில்ட்' என்று எழுதவேண்டிய காரணத்தையும் அன்றுதான் விளங்கிக்கொண்டோம்: அங்கே காய்ச்சுபவர் யார் என்பது முக்கியமில்லை, கருப்பநீருக்கு என்ன நடக்கிறது என்பதே முக்கியம். ஒருத்தி, முட்டிக்குள் சுண்ணாம்பு தடவுவதை எழுதாமல் விட்டிருந்தாள். "பிள்ளை, பனையையே காணாத ஒருவர் இதை வாசிச்சுச் செய்தால் அவருக்குக் கள்ளுத்தான் கிடைக்கும்" என்றார் ரீச்சர். வகுப்பே சிரித்தது.

வாசிப்பவருக்கு எது தெரியாது என்று முதலில் யோசிக்கும் பழக்கம் அப்படித்தான் வந்தது. விடுதிகளில் நோயாளரின் வரலாற்றை எழுதத் தொடங்கியபோது, இலக்கணத்தைவிட அதுவே எமக்குக் கைகொடுத்தது. வவுனியாவிலிருந்து கொழும்புக்கு அனுப்பப்படும் ஒரு தாய்க்குச் சிங்களமும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. அங்குள்ள வைத்தியரிடம் அவருக்காகப் பேசுவது கையிலுள்ள ஒரு பக்கக் கடிதம்தான். வலி எப்போது தொடங்கியது, என்ன மருந்து எவ்வளவு கொடுக்கப்பட்டது, பெனிசிலின் ஒத்துக்கொள்ளுமா என்பவை அதில் இருக்கவேண்டும். 'மிகவும் சுகவீனம்' என்று மட்டும் எழுதினால் அந்தத் தாய்க்கு அதனால் பயனில்லை.

சாதாரணதரப் பரீட்சையில் வரைபடத்தை விவரிக்கும் கேள்விக்கு ஆயத்தப் பந்தியைப் பாடமாக்கும் பிள்ளைகளை இன்று காண்கிறோம். பழைய மாணவிகளிடம் எமது வேண்டுகோள் ஒன்றுதான். வங்கி, பண்ணை, தாதியர் விடுதி, தையற்கூடம் என எங்கே வேலை செய்தாலும், அங்கு நடக்கும் ஒரு வேலையை எளிய ஆங்கிலத்தில் ஒரு பக்கத்தில் எழுதிப் பாடசாலை நூலகத்துக்கு அனுப்புங்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு விளங்கும்படி எழுதுங்கள். சுண்ணாம்பை மறக்கவேண்டாம்.