குன்னூர் எலியும் ராயகிரிக் காளையும்

ராயகிரியில் எங்கள் தாத்தா புதுசாக ஒரு ஜோடிக் காளை பிடித்து வந்தால், மூன்று நாளைக்கு ஏரில் பூட்ட மாட்டார். “ஏலே, வழி வந்த களைப்பு இன்னும் போகலைலே. தண்ணி குடிச்சு அசை போடட்டும்” என்பார். நம் கல்லூரியில் இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்த எனக்கு அது விஞ்ஞானமாகத் தோன்றியதில்லை.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் உறைத்தது. ஓர் ஆய்வுக்கூடத்துக்கு நாங்கள் கொடுத்த ரத்த அழுத்தக் கருவி அதிகமாகக் காட்டுகிறது என்று புகார். இரண்டு ராத்திரி காலிபிரேஷன் பார்த்தேன், பழுதே இல்லை. விசாரித்தால், சுண்டெலிகள் முந்தின நாள்தான் லாரியில் வந்து இறங்கியிருந்தன!

சுண்டெலியின் இதயம் சாதாரணமாகவே நிமிஷத்துக்கு 500 முதல் 700 தடவை துடிக்கும். பெட்டிக்குள் ஆட்டம், சத்தம், தாகம், மாறிப்போன இரவு பகல் எல்லாம் சேர்ந்தால் அட்ரினலினும் கார்டிகோஸ்டிரோனும் ஏறும். துடிப்பும் அழுத்தமும் கூடவே ஏறும். உடலுக்குள் வைக்கும் ரேடியோ டெலிமெட்ரி வந்த பிறகு, கூண்டை மாற்றினாலே ஒரு மணி நேரத்துக்குத் துடிப்பு எகிறுவது தெரிந்தது. நமக்கு இதமான 22 டிகிரி அறை அதற்குக் குளிர். அதற்குச் சுகம் 30 டிகிரி வாக்கில்தான்.

இதன் பழைய கதை நம் ஊர்ப்பக்கமே இருக்கிறது. 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒரே அறையில் ஆராய்ச்சி தொடங்கியவர் ராபர்ட் மெக்காரிசன். இந்தியாவின் பல பகுதிச் சாப்பாட்டை வெள்ளை எலிகளுக்குப் போட்டு, அரிசியே பிரதானமான சென்னை மாகாணச் சாப்பாடு தின்றவை நோஞ்சானாகப் போனதைக் காட்டினார். (நம்ம சோற்றுக்கு அன்றே மார்க் குறைவு!) அவர் பார்த்தது வாரக்கணக்கில் தெரியும் எடையும் நோயும், பயணப் பதற்றம் அதில் கரைந்துபோகும். துடிப்பை எண்ணும்போது கரையாது. அந்தக் கூடம் 1958-ல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது.

பயணம் எவ்வளவு கொடியது என்பதை உலகம் பார்த்தது 1955-ல். இந்தியாவிலிருந்து ஏற்றுமதியான குரங்குகளில் சுமார் 400, லண்டன் விமான நிலையத்தில் மூச்சுத் திணறிச் செத்தன. அரசு ஏற்றுமதியைக் கொஞ்ச காலம் நிறுத்தியது. பிறகு மறுபடி திறந்தது. போலியோ தடுப்பு மருந்துக்குத் தேவை அப்படி. முழுத் தடை வந்தது 1978-ல், மொரார்ஜி தேசாய் காலத்தில்.

இப்போது விலங்கு ஆய்வைக் கண்காணிக்கும் மத்தியக் குழுவின் வழிகாட்டுதலில், புதிதாக வரும் சிறு பிராணிகளைக் குறைந்தது ஒரு வாரம் தனியே வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். தாத்தா கணக்குக்கு மேலே நாலு நாள்.

அந்த ஆய்வுக்கூடத்திலும் ஒரு வாரம் பொறுத்து அளந்தோம். அதே கருவிதான், எண் இறங்கியிருந்தது. ஆனால் அளந்தது வேறு சுண்டெலிகளை. முதல் தொகுதியை, “அளவு சரியில்லை” என்று அதற்குள் கழித்துக் கட்டிவிட்டார்கள்.