சுட்டி இயக்கி (எம்எஸ்-டாஸ்)
எம்எஸ்-டாஸ் இயங்குதளத்தில் சுட்டியின் நகர்வையும் பொத்தான் அழுத்தத்தையும் பயன்பாட்டு நிரல்களுக்குத் தெரிவிக்கும், நினைவகத்தில் தங்கிச் செயல்படும் சிறு நிரல். டாஸின் கருவில் சுட்டிக்கு இடமில்லாததால் இதைத் தனியே நிறுவ வேண்டியிருந்தது. மவுஸ்.சிஸ் கோப்பு, கான்ஃபிக்.சிஸில் ‘டிவைஸ்=’ எனத் தொடங்கும் வரியால் ஏற்றப்படும்; மவுஸ்.காம் கோப்புக்கு ஆட்டோஎக்ஸெக்.பேட்டில் அதன் பாதையும் பெயரும் போதும். நிரல்கள் பதினறும எண் 33 கொண்ட மென்பொருள் குறுக்கீட்டின் வழியே இயக்கியை அழைக்கும்.

காம்1 துறையில் இணைந்த சுட்டி வழக்கமாக 4ஆம் வன்பொருள் குறுக்கீட்டு வரியையும், காம்2 சுட்டி 3ஆம் வரியையும், பிஎஸ்/2 சுட்டி 12ஆம் வரியையும் பயன்படுத்தும். காம்3 மோடமும் 4ஆம் வரியையே நாடுவதால், மோடம் இயங்கும்போது காம்1 சுட்டி உறைவது அக்காலத்தின் அலுப்பூட்டும் கோளாறுகளில் ஒன்று. 640 கிலோபைட் அடிப்படை நினைவகத்தை மிச்சப்படுத்த, 1991இல் வந்த டாஸ் 5.0 பதிப்பு முதல் ‘லோட்ஹை’ கட்டளையால் இயக்கியை மேல் நினைவகத்துக்கு மாற்ற முடிந்தது. விண்டோஸ் 95, தன்னுள் இயங்கும் டாஸ் நிரல்களுக்குச் சுட்டிச் சேவையைத் தானே அளித்தது.