மூன்றாவது கடன்காரர்

தமிழில் கடன் வாங்கியவரும் கடன்காரர்தான், கொடுத்தவரும் கடன்காரர்தான். ‘கடன்காரன் வந்து நிக்கிறான்’ என்றால் எந்தக் கடன்காரன் என்பது கேட்பவருக்குப் புரிந்துவிடும். இன்று பழைய கல்விக் கடனைக் கேட்டு வருகிறவர் இந்த இருவரில் யாருமில்லை. அவர் மூன்றாவது ஆள்.

கிரிவலப் பாதையில் இருக்கும் எங்கள் அடி அண்ணாமலையில் என் வயதுக்காரர்கள் பலர், அவரவர் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவர்கள். அதற்கு உதவியது 2001-இல் இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரிக் கல்விக் கடன் திட்டம். ரூ.4 லட்சம் வரை நிலமோ நகையோ அடகு வேண்டாம். அப்பாவோ அம்மாவோ சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதும். நல்ல திட்டம்தான். ஆனால் வேலை கிடைக்காமல் தவணை நின்றால், ஏலம் போட வங்கியிடம் எதுவும் இருக்காது. கோர்ட்டுக்குப் போகலாம், அதற்குச் செலவு, வருஷக்கணக்கு. ஆளை அனுப்புவது சுலபம். வீடு தெரியாத ஏஜென்ட் டீக்கடையில் விசாரித்துவிட்டுத்தான் வருவார். ‘அவங்க பையன் லோன் கட்டலையாமே’ என்பது அவர் திரும்பிப் போவதற்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். நகை கேட்காத கடனுக்கு மானம்தான் அடகு.

பழைய காலத்து வசூல் மென்மையானது என்று சொல்ல வரவில்லை. ஆனால் கேட்கிறவருக்கும் ஓர் எல்லை இருந்தது. 1290-களில் பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ ஒரு வழக்கத்தை எழுதியிருக்கிறார். பலமுறை கேட்டும் தராதவரைச் சுற்றி, கடன் கொடுத்தவர் தரையில் வட்டம் போடுவார். பணமோ தக்க உறுதியோ தராமல் அதைத் தாண்டினால் தண்டனை. பாக்கி வைத்த அரசனையே ஒரு வெளிநாட்டு வணிகர் குதிரையோடு சேர்த்து வட்டத்துக்குள் நிறுத்தியதைத் தன் கண்ணால் பார்த்ததாகவும் சொல்கிறார். அவமானம் இதிலும் உண்டு. ஆனால் வட்டம் போட்டவர், பணம் வரவேண்டிய ஆளேதான். அரசனுக்கும் அதே வட்டம்.

எங்களுக்குத் தென்கிழக்கே இருக்கும் திருவெண்ணெய்நல்லூர்க் கதை இன்னும் நெருக்கமானது. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில், சுந்தரரின் கல்யாணப் பந்தலுக்கு ஒரு கிழவர் ஓலையோடு வருகிறார். ‘உன் தாத்தா எழுதிக்கொடுத்தது, நீ எனக்கு அடிமை’ என்கிறார். சுந்தரர் அந்த ஓலையைக் கிழித்துப் போடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. சபையார் மூல ஓலையைக் கேட்கிறார்கள். தாத்தாவின் வேறொரு கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பிறகுதான் தீர்ப்பு. வந்த கிழவர் சிவபெருமான். அவரிடமே ‘ஒரிஜினல் எங்கே?’ என்று கேட்ட ஊர் இது.

இந்தக் கேள்வியை நம் காலத்தில் கேட்பது கஷ்டமாகிவிட்டது. 2002-இன் சர்ஃபாசி சட்டப்படி, வங்கிகள் வாராக் கடன்களைச் சொத்து மறுசீரமைப்பு நிறுவனங்களுக்கு விற்கலாம். பாரத ஸ்டேட் வங்கி கல்விக் கடன்களில் ஒரு தொகுதியை அப்படித்தான் ரிலையன்ஸ் குழும நிறுவனம் ஒன்றுக்கு நிலுவையைவிடக் குறைந்த விலைக்குக் கைமாற்றியது. வாங்கிய நிறுவனத்துக்குக் கிடைத்த தள்ளுபடி, படித்தவரின் பாக்கியில் தானாகக் குறையாது. 2016 ஜூலையில் மதுரையில் பொறியியல் படித்த ஓர் இளைஞர் தற்கொலை செய்துகொண்டார். வசூல் ஆட்களின் நெருக்கடிதான் காரணம் என்று குடும்பத்தினர் குற்றம்சாட்டினார்கள். இரண்டு லட்சத்துக்கும் குறைவான கடன்.

ரிசர்வ் வங்கி போட்ட வட்டமும் ஒன்று இருக்கிறது. 2008 ஏப்ரல் சுற்றறிக்கையின்படி ஏஜென்ட் கையில் நோட்டீஸின் நகல், வங்கி கொடுத்த அதிகாரக் கடிதம், அடையாள அட்டை மூன்றும் இருக்க வேண்டும். 2022 ஆகஸ்ட் சுற்றறிக்கையின்படி காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கடனுக்காகப் போன் செய்யக் கூடாது, மிரட்டக் கூடாது, குடும்பத்தார், நண்பர்களின் அந்தரங்கத்தில் தலையிடக் கூடாது. மீறினால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேன்.

வாங்கிய கடனைக் கட்டத்தான் வேண்டும். ஆனால் வாசலில் வந்து நிற்கிறவரிடம், “நீங்க யாருங்க? கடிதத்தைக் காட்டுங்க” என்று கேட்பது திமிர் ஆகாது. திருவெண்ணெய்நல்லூர்ச் சபையாரும் அதைத்தான் கேட்டார்கள்.