நீராவி இல்லாமல் ஓடும்!

நண்பர் ஒருவர் பழைய இத்தாலிய காபி மெஷின் ஒன்றை வாங்கினார். தாமிர பாய்லர், முன்னால் நீளமாக ஒரு கைப்பிடி. அதை இழுத்துவிட்டால் எஸ்பிரஸோ இறங்கும். போன வாரம் போனில் பெருமையாகச் சொன்னார்:

"சேஃப்டி வால்வு சும்மா சும்மா ஆவி விட்டுக்கிட்டே இருந்துச்சுப்பா. ஸ்பிரிங்கை நல்லா டைட் பண்ணிட்டேன். பிரஷர் ஏறினா காபியும் ஸ்ட்ராங்கா வரும்ல?"

எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. ஏன் என்று தெரிய வேண்டுமானால், நீங்கள் என்னோடு 1679-ம் வருடத்து லண்டனுக்கு வர வேண்டும்.

டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் அங்கே ராயல் சொசைட்டி அறிஞர்களுக்கு ஒரு பாத்திரத்தைக் காட்டினார். இறுக மூடிவிட்டு அடுப்பை மூட்டினால், எலும்புகூட மெத்தென்று வெந்துவிடும். நம் வீட்டு குக்கரின் கொள்ளுத்தாத்தா! சரி, பாத்திரம் வெடித்துவிட்டால்? அதற்கும் பாப்பின் வழி வைத்தார். மூடியில் ஒரு ஓட்டை, அதை அடைக்க வால்வு, வால்வை அழுத்த ஒரு நெம்புகோல், அதன் நுனியில் எடைக்கல். அழுத்தம் எல்லை மீறினால் எடையைத் தூக்கிக்கொண்டு ஆவி வெளியேறும். அவ்வளவுதான். உலகத்தில் அதற்கப்புறம் வந்த எல்லா சேஃப்டி வால்வுக்கும் அதுதான் முன்னோடி.

பாய்லர் விஷயத்தில் அலட்சியம் காட்டினால் என்ன ஆகும்? அமெரிக்காவில் 1865 ஏப்ரலில் 'சுல்தானா' என்றொரு நீராவிக் கப்பல். சிறை முகாம்களிலிருந்து விடுபட்டு வீடு திரும்பும் போர்வீரர்கள் அதில் நெருக்கியடித்துக்கொண்டு ஏறினார்கள். அதற்கு முன்பே பாய்லர் கசிந்திருந்தது. தகட்டையே மாற்ற நேரமில்லை என்று, பழைய தகட்டைவிட மெல்லிய தகட்டை வைத்து ஒட்டுப் போட்டார்கள். ஏப்ரல் 27 அதிகாலை, மிசிசிபி ஆற்றில் பாய்லர் வெடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். காரணங்களாகச் சொல்லப்பட்டவற்றில் அந்த ஒட்டும் ஒன்று.

'அது கப்பல் சார், இது காபி மெஷின்' என்கிறீர்களா? அளவுதான் வேறு, சங்கதி ஒன்றுதான். வெளிக்காற்றைவிட 1 பார் அழுத்தம் கூடினால், பாய்லருக்குள் தண்ணீர் 120 டிகிரியில் இருக்கும். பாய்லர் பிளந்தால் அதில் ஒரு பகுதி சட்டென்று ஆவியாகும். ஆவியாகிற தண்ணீர் ஆயிரம் மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். வெடிப்பு என்பது அதுதான்.

இப்போது இத்தாலிக்கு வருவோம். 1901-ல் லூயிஜி பெட்ஸேரா காப்புரிமை வாங்கிய எஸ்பிரஸோ மெஷினில், பாய்லரின் ஆவி அழுத்தமேதான் காபித்தூளுக்குள் தண்ணீரைத் தள்ளியது. ஒன்றரை பார்தான் கிடைத்தது. சூடு தாங்காமல் காபி தீய்ந்து கசந்தது. இந்தக் கசப்பை ஒழிக்க மெனக்கெட்டவர் மிலன் நகரத்து அக்கிலே காஜியா. 1938-ல் முதல் காப்புரிமை. 1947-ல் ஸ்பிரிங் வைத்த லீவர். கைப்பிடியை இழுத்தால் ஸ்பிரிங் சுருங்கும். விட்டால், அது விரிந்து எட்டு, ஒன்பது பார் அழுத்தத்தில் தண்ணீரைத் தள்ளும். காபிமேல் பொன்னிற நுரை வந்தது அதற்கப்புறம்தான். 'நீராவி இல்லாமல் ஓடும்' என்றே காஜியா விளம்பரம் செய்தார்.

புரிகிறதா? காபியை ஸ்ட்ராங்காக்குவது ஸ்பிரிங். தண்ணீரைச் சூடாக்குவதும் பாலை நுரைக்க ஆவி கொடுப்பதும் மட்டும்தான் பாய்லரின் வேலை. அதற்கு 1 பார் போதும். பத்து சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியை அந்த 1 பாரே சுமார் 80 கிலோ விசையில் தள்ளும். 2 பார் என்றால் 160 கிலோ. தண்ணீரின் சூடோ பதின்மூன்று டிகிரி சொச்சம்தான் ஏறும். எனக்குத் தெரிந்த பி.காம். கணக்கில் இது சுத்த நஷ்ட வியாபாரம்!

வால்வு அடிக்கடி ஆவி விடுகிறதென்றால், அதில் உப்பு படிந்திருக்கும் அல்லது அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்விட்ச் கெட்டிருக்கும். அதைத்தான் பார்க்க வேண்டும். புது ஸ்விட்ச், மீட்டர் எதை வேண்டுமானாலும் மாட்டுங்கள். ஆனால் மெஷினுக்கு உரிய அளவில் சேஃப்டி வால்வு தனியாக இருந்தே தீர வேண்டும். பாய்லரில் கை வைத்தால், விவரம் தெரிந்தவரிடம் குளிர்ந்த தண்ணீரை நிரப்பி, அழுத்தம் ஏற்றிச் சோதிக்கச் சொல்லுங்கள். பலவீனமான இடம் இருந்தால் கசியும், வெடிக்காது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள்.

எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இப்பவே பிளக்கைப் பிடுங்கிடறேன். புது வால்வு வாங்கிட்டுக் கூப்பிடறேன்" என்றார்.

அதுவரை அவர் வீட்டுக்குப் போனால் எனக்கு ஃபில்டர் காபிதான்.